புதையல் தேடலாம், வேலி தாண்டலாமா?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு வார்த்தையைச் சந்தித்திருப்பீர்கள். பிரவுசர் மெதுவாக இயங்குகிறது என்று யாரிடமாவது சொன்னால், ‘கேச் கிளியர் செய்து பாருங்கள்’ என்பார்கள். நீங்கள் பார்த்த வெப்சைட்டுகளின் படங்களையும் பைல்களையும் உங்களுக்குத் தெரியாமல் ஒரு மூலையில் பதுக்கி வைத்திருக்கும் இடம்தான் கேச். மறைத்து வைப்பது என்ற பொருள் தரும் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த வார்த்தை இது. இதே வார்த்தையை வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்கு வெளியே, மரப் பொந்திலும் பாறை இடுக்கிலும் விளையாடுகிற ஒரு விளையாட்டு இருக்கிறது. அதன் பெயர் ஜியோகேச்சிங்.

விஷயம் எளிது. ஒருவர் ஒரு டப்பாவை எங்கோ ஒளித்து வைக்கிறார். உள்ளே ஒரு சிறு நோட்டு, ஒரு பென்சில், சில சில்லறைப் பொம்மைகள். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இன்டர்நெட்டில் வெளியிடுகிறார். மற்றவர்கள் ஜி.பி.எஸ். கருவியோ செல்போனோ வைத்துக்கொண்டு தேடிப் போகிறார்கள். கண்டுபிடித்தால் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து வெப்சைட்டில் பதிவு செய்கிறார்கள். உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேற்பட்ட டப்பாக்கள் இப்படி ஒளிந்து கிடக்கின்றன.

இதை எப்படி விளையாடுவது என்று சொல்லித் தர ஏராளமான கட்டுரைகள் இருக்கின்றன. எங்கே டப்பா வைக்கக் கூடாது, எங்கே போகக் கூடாது, தேடும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் கடைசியில் நான்கு வரியில் முடித்துவிடுகிறார்கள். என் கருத்தில் இது தலைகீழ். இந்த விளையாட்டின் விதிகளைப் படிக்காமல் அப்ளிகேஷனை மட்டும் இன்ஸ்டால் செய்துகொள்வது, பிரேக் எது என்று தெரியாமல் கார் ஓட்டக் கிளம்புவதைப் போன்றது. இது மிகையாகத் தோன்றினால் கீழே வரும் பிராக் நகரச் சம்பவம் வரை பொறுத்திருங்கள்.

முதல் டப்பாவே தேறாது

2000ம் ஆண்டு மே மாதம் வரை சாதாரண மக்கள் பயன்படுத்தும் ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிக் கொண்டிருந்தது. இதனால் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தள்ளிப் போகலாம். அந்த நேரத்தில் ஜனாதிபதியாக இருந்த கிளிண்டனின் உத்தரவுப்படி மே முதல் வாரத்தில் இந்தப் பிழை நிறுத்தப்பட்டது. ஒரே இரவில் உலகத்தில் இருந்த ஜி.பி.எஸ். கருவிகள் எல்லாம் பல மடங்கு துல்லியமாகிவிட்டன. காசு செலவில்லாமல் கிடைத்த அப்கிரேட்!

இதைச் சோதித்துப் பார்க்க நினைத்தார் டேவ் உல்மர் என்ற கம்ப்யூட்டர் நிபுணர். மே 3ந் தேதி ஓரிகான் மாநிலத்தில் போர்ட்லாண்ட் நகருக்கு அருகே பீவர்கிரீக் என்ற இடத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியை வைத்தார். உள்ளே நோட்டு, பென்சில், வீடியோ, புத்தகங்கள், சாப்ட்வேர், ஒரு கவண், ஒரு டின் அவரை. எண்களை இன்டர்நெட் செய்திக் குழுவில் போட்டார். மூன்று நாட்களுக்குள் இருவர் கண்டுபிடித்துவிட்டார்கள். அதே மே மாத இறுதியில் மேட் ஸ்டம் என்பவர் ஜியோகேச்சிங் என்ற பெயரைச் சூட்டினார். செப்டம்பரில் சியாட்டிலைச் சேர்ந்த வெப் டிசைனர் ஜெரமி ஐரிஷ் இதற்கென வெப்சைட் தொடங்கியபோது அதில் இருந்தவை வெறும் 75 டப்பாக்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், உல்மரின் வாளியை இன்றைக்கு யாராவது பதிவு செய்ய அனுப்பினால் நிராகரித்துவிடுவார்கள். காரணம் ஒன்று, அது பாதி மண்ணுக்குள் புதைக்கப்பட்டிருந்தது. இன்று மண்ணைத் தோண்டி டப்பா வைக்கக் கூடாது. காரணம் இரண்டு, உள்ளே இருந்த அவரை டின். உணவுப் பொருள் எதுவும் டப்பாவுக்குள் இருக்கக் கூடாது. டின்னில் அடைத்ததுதானே என்று சொல்லலாம். ஆனால் டின்னுக்குச் சலுகை கொடுத்தால் அடுத்தவர் சாக்லேட் வைப்பார், அதற்கு அடுத்தவர் பிஸ்கட் வைப்பார். வாசனை பிடித்து வரும் அணிலும் எலியும் கரடியும் டப்பாவைக் கடித்துக் குதறிவிடும். மண்ணைத் தோண்டுவதும் இப்படித்தான். ஒருவர் ஒரு குழி தோண்டினால் ஒன்றுமில்லை. ஆனால் புதைத்த டப்பா என்று ஒன்று இருந்துவிட்டால், தேடி வரும் 50 பேரும் மண்வெட்டியோடு வருவார்கள். பூங்காவின் கதி என்ன ஆகும்?

விதிகளை யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஏதாவது ஒரு தொல்லை இருக்கிறது. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது பழக்கமான சமாசாரம். பழைய புரோகிராமில் காரணம் புரியாத ஒரு வரியைப் பார்த்து ‘இது எதற்கு?’ என்று நீக்கினால், மறுநாள் காலையில் போன் வரும்.

அனுமதி என்ற ஒன்று

டப்பா வைப்பதற்கான விதிகளில் தலையானது, இடத்துச் சொந்தக்காரரின் அனுமதி. தனியார் நிலமாக இருந்தால் உரிமையாளர், பூங்காவாக இருந்தால் அதன் நிர்வாகம், கடை வாசலாக இருந்தால் கடைக்காரர். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு டப்பாவின் விவரத்தையும் அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த தன்னார்வலர்கள் சரி பார்த்த பிறகுதான் வெப்சைட்டில் வெளியிடுகிறார்கள். சம்பளம் இல்லாத வேலை. அவர்களால் மேப்பில் பார்க்கத்தான் முடியும். அந்த வேலிக்குள் இருப்பவரிடம் நீங்கள் உண்மையிலேயே பேசினீர்களா என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

பலர் பேசுவதில்லை. ‘ஒரு சின்ன டப்பா, யாருக்கு என்ன நஷ்டம்?’ என்று நினைக்கிறார்கள். 2011 ஜூலையில் இங்கிலாந்தின் மேற்கு யார்க்ஷயரில் உள்ள வெதர்பி என்ற சிறு ஊரில் நடந்ததைப் பாருங்கள். கடைத்தெருவில் ஒரு காபி கடைக்கு வெளியே ஒருவர் சிறிய பிளாஸ்டிக் டப்பாவை வைத்துக்கொண்டு சந்தேகப்படும்படி நடந்துகொண்டதாக போலீசுக்குத் தகவல் போனது. கடைகளை மூடி, மக்களை வெளியேற்றி, ராணுவத்தின் வெடிகுண்டு நிபுணர்களை வரவழைத்தார்கள். அவர்கள் டப்பாவை வெடிக்கச் செய்து அழித்தார்கள். அது ஜியோகேச் என்பது பிறகுதான் தெரிந்தது. இதன் பின்னர் பிரிட்டனில் டப்பாவின் மேல் ஜியோகேச் என்று தெளிவாக எழுதி இருக்க வேண்டும், கடைத்தெரு போன்ற இடங்களில் அக்கம்பக்கத்தாருக்குத் தகவல் தெரிந்திருக்க வேண்டும் என்பதை எல்லாம் கண்டிப்பாக வலியுறுத்த ஆரம்பித்தார்கள்.

அந்தக் காபி கடைக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாமே நடந்திருக்காது. அன்றைக்கு வியாபாரம் கெட்டவர்கள், வீட்டை விட்டு வெளியேறியவர்கள் யாருமே இந்த விளையாட்டை விளையாடியவர்கள் அல்ல. என்னைப் பொறுத்தவரை ஒரு டப்பா நல்ல டப்பாவா என்று தீர்மானிக்க ஒரே சோதனைதான். விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் அதைத் தற்செயலாகக் கண்டெடுத்தால் பயப்படுவாரா? பயப்படுவார் என்றால் அங்கே வைக்கக் கூடாது. குழாய்த் துண்டை இருபுறமும் அடைத்து டேப் சுற்றி வைப்பவர்களை எனக்குப் புரியவே இல்லை. எத்தனையோ நல்ல, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டப்பாக்கள் கடையில் கிடைக்கும்போது, பார்த்தாலே வெடிகுண்டு மாதிரி இருக்கும் ஒன்றை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

இதே காரணத்துக்காகத்தான் பள்ளிக்கூடம், விமான நிலையம், ராணுவ முகாம், அணைக்கட்டு, அரசுக் கட்டிடம், முக்கியமான பாலங்கள் ஆகியவற்றின் அருகே டப்பா வைக்க அனுமதி கிடைப்பதில்லை. ரயில் தண்டவாளத்துக்கும் அமெரிக்காவில் பொதுவாக 150 அடி தள்ளி இருக்க வேண்டும். ஒரு டப்பாவுக்கும் இன்னொன்றுக்கும் இடையே குறைந்தது 161 மீட்டர் வேண்டும். இது ஏதோ ராசியான எண் இல்லை. ஒரு மைலில் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான்.

சட்ட விதியைத் தாண்டி மரியாதை என்று ஒன்றும் இருக்கிறது. 2005ல் தென் கரோலினா மாநிலத்தில் கல்லறைகளிலும் தொல்பொருள் இடங்களிலும் அனுமதி இல்லாமல் ஜியோகேச்சிங் செய்வதைத் தடுக்க ஒரு மசோதா கொண்டு வந்தார்கள். கல்லறைகளைச் சுற்றி நின்று சிரித்தபடி எடுத்துக்கொண்ட போட்டோக்களை ஆட்டக்காரர்களே இன்டர்நெட்டில் போட்டிருந்தது பலரைப் புண்படுத்தியிருந்தது. மசோதா சட்டமாகவில்லை. ஆனாலும், நம் வீட்டுப் பெரியவர்களின் சமாதி மேல் ஒருவர் ஏறி நின்று டப்பா தேடினால் நமக்கு எப்படி இருக்கும்? ஆட்டக்காரர்கள் தரப்பில் ‘கல்லறை வரலாற்றை இதனால்தான் பலர் தெரிந்துகொள்கிறார்கள்’ என்று வாதிட்டார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். கேட்டுவிட்டுச் செய்வதில் என்ன கஷ்டம் என்பதற்கு அது பதில் இல்லை. 2016ல் போக்கிமான் கோ வந்தபோது வாஷிங்டனில் உள்ள யூதப் படுகொலை நினைவு அருங்காட்சியகம், இங்கே வந்து விளையாடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. பத்து வருடம் முன்பே கற்றிருக்க வேண்டிய பாடம்.

அமெரிக்க தேசியப் பூங்காக்களிலும் நிர்வாகத்தின் அனுமதி இன்றி டப்பா வைக்க முடியாது. இதற்கு ஒரு அழகான மாற்று வழி கண்டார்கள். அமெரிக்கப் புவியியல் சங்கத்தின் துணையோடு 2004ல் எர்த்கேச் என்ற வகை தொடங்கியது. இதில் டப்பாவே கிடையாது. எண்கள் காட்டும் இடத்துக்குப் போனால் ஒரு பாறை அடுக்கோ, வெந்நீர் ஊற்றோ, எரிமலைக் குழம்பு உறைந்த தரையோ இருக்கும். அதைப் பார்த்து, கேட்ட கேள்விக்குப் பதில் எழுதி அனுப்ப வேண்டும். எனக்கு டப்பா தேடுவதைவிட இது பிடித்திருக்கிறது. கையெழுத்துப் போட்ட நோட்டைவிட, கால் அடியில் இருக்கும் பாறை எப்படி உருவானது என்று தெரிந்துகொண்டு திரும்புவது மேல் என்று நினைக்கிறேன். குழந்தைகளோடு போகிறவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

குகைகள் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. ஜெர்மனியில் பழைய சுரங்கங்களிலும் குகைகளிலும் குளிர்காலத்தில் வௌவால்கள் உறங்கும். நடுவில் எழுப்பிவிட்டால் சேமித்து வைத்த கொழுப்பு வீணாகி, வசந்தம் வருவதற்குள் இறந்துவிடக் கூடும். எனவே இப்படிப்பட்ட இடங்களில் உள்ள டப்பாக்களைக் குளிர்காலத்தில் நிறுத்தி வைக்கிறார்கள். சுவரில் டார்ச் அடித்து, சத்தமில்லாமல் வந்தேன் என்பவர்களுக்கு அந்த வெளிச்சமே போதும் என்பது தெரிவதில்லை.

டூர் போன இடத்தில் டப்பா வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுவதையும் அனுமதிப்பதில்லை. மூடி உடைந்து நோட்டு நனைந்தால் யார் போய் மாற்றுவது? வைத்தவரே பராமரிக்க வேண்டும், அல்லது உள்ளூரில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். கவனிப்பார் இல்லாத டப்பா குப்பைதான். இதையும் மனதில் வைத்துத்தான் 2002ல் இருந்து, டப்பா தேடப் போகும் வழியில் கிடக்கும் குப்பையைப் பையில் எடுத்து வருவது ஒரு இயக்கமாக நடக்கிறது.

எண்ணிக்கை வெறி பிடித்தவர்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். நெவாடா பாலைவனத்தில் வேற்றுக்கிரக நெடுஞ்சாலை என்று பெயர் பெற்ற ஒரு சாலை உண்டு. அதன் ஓரமாக, பிலிம் டப்பாக்களை ஆயிரத்துக்கும் மேல் வரிசையாக வைத்தார்கள். ஒருவர் காரை நிறுத்த, இன்னொருவர் குதித்து ஓடிக் கையெழுத்துப் போட, மறுபடி அடுத்த டப்பா. வேகமாக வண்டிகள் போகும் சாலையில் இப்படி ஆயிரம் முறை. ஆபத்து என்று நெடுஞ்சாலைத் துறை சொன்னதன் பேரில் 2011ல் அவை நீக்கப்பட்டன. ஒரே நாளில் ஆயிரம் டப்பா கண்டேன் என்பவரிடம், அதில் ஒன்றாவது நினைவிருக்கிறதா என்று கேட்க ஆசை.

எண்ணைச் சரியாகப் படியுங்கள்

கம்ப்யூட்டரில் புதிதாகப் பழகுபவர்கள் தடுமாறும் இடம் இது. உல்மரின் வாளி இருந்த இடம், வடக்கு 45 டிகிரி 17.460 நிமிடம், மேற்கு 122 டிகிரி 24.800 நிமிடம். இதில் 17.460 என்பது 17 நிமிடமும் அதற்கு மேல் ஒரு தசமமும். சிலர் இதை 17 நிமிடம் 46 விநாடி என்று டைப் செய்துவிடுகிறார்கள். உண்மையில் 0.460 நிமிடம் என்பது 27.6 விநாடிதான். இந்த ஒரு குழப்பத்தால் நீங்கள் அரை கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே போய் நிற்பீர்கள். அங்கே இருப்பது யாருடைய தோட்டமோ? கருவியின் செட்டிங் பகுதியில் டிகிரி, தசம நிமிடம் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளுங்கள்.

கடைசி தசம இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்காக சுமார் 1.85 மீட்டர் நகரும். ஆனால் செல்போன் திறந்த வெளியிலேயே சுமார் 5 மீட்டர் வரை பிசகும். மரங்களுக்கு அடியிலும் உயரமான கட்டிடங்களுக்கு நடுவிலும் இன்னும் கூடுதல். வைத்தவரின் கருவியிலும் பிழை, தேடுபவரின் கருவியிலும் பிழை. இதனால்தான், டப்பா வைப்பவர் வெவ்வேறு நேரங்களில் பல முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும் என்கிறார்கள். தேடுபவர், திரையில் பூஜ்யம் காட்டியவுடன் போனைப் பையில் போட்டுவிட்டு, கண்ணால் தேட வேண்டும். ‘நான் ஒளித்து வைப்பதாக இருந்தால் எங்கே வைப்பேன்?’ என்று யோசித்தால் பாதி வேலை முடிந்தது. எண் காட்டும் இடம் முழுவதையும் மிதித்து, செடிகளைப் பிடுங்கி, சுவரில் கல்லை உருவிப் பார்ப்பவர்கள் உண்டு. வைத்தவர் கொடுத்திருக்கும் குறிப்பைப் படிக்க ஒரு நிமிடம் ஆகும்.

தேடுபவர் ஒழுக்கம்

டப்பாவுக்குள் இருந்து ஏதாவது எடுத்தால் அதே மதிப்பிலோ கூடுதலாகவோ ஒன்றை வைக்க வேண்டும். எதுவும் எடுக்காமல் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வரலாம். குழந்தைகள் அழகான பொம்மைக் காரைப் பார்த்து ஓடி வருவார்கள் என்பதை மறந்து, பஸ் டிக்கெட்டை வைத்துவிட்டு அந்தக் காரை எடுத்துப் போகும் பெரியவர்களும் இருக்கிறார்கள். மது, மருந்து, கத்தி, பட்டாசு எதுவும் கூடவே கூடாது. திறப்பது எட்டு வயதுக் குழந்தையாக இருக்கலாம். மூடியை நன்றாக அழுத்தி மூடி, இருந்த இடத்தில், இருந்த மாதிரியே வையுங்கள். இன்னும் நல்ல இடம் கண்டேன் என்று மாற்றி வைக்காதீர்கள். அடுத்து வருபவரின் எண் பழைய இடத்தைத்தான் காட்டும்.

கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று பதிவு செய்யுங்கள். இதில் பலருக்குக் கூச்சம். அடுத்தடுத்து நான்கு பேர் கிடைக்கவில்லை என்று எழுதினால்தான், டப்பா காணாமல் போயிருக்கலாம் என்று வைத்தவருக்குத் தெரியும். போகாமலேயே கண்டுபிடித்தேன் என்று எழுதுபவர்களால், டப்பா இருக்கிறது என்று நம்பிப் பல மைல் வண்டி ஓட்டி வருபவர் ஏமாந்து போவார்.

விளையாட்டு தெரியாதவர்களை ஆட்டக்காரர்கள் மகிள் என்பார்கள். ஹாரி பாட்டர் கதையில் மந்திரம் தெரியாதவர்களுக்கு உள்ள பெயர். மகிள்கள் பார்க்காதபோது டப்பாவை எடு என்பது பழைய அறிவுரை. நல்ல நோக்கத்தோடு சொன்னதுதான். பார்த்தவர் பின்னால் போய் டப்பாவை எடுத்துவிடக் கூடாதே என்ற கவலை. ஆனால் இந்த ஒளிவு மறைவுதான் எல்லாத் தொல்லைக்கும் வேர் என்பேன்.

வேலை விஷயமாக நான் ஓரிகானில் சில மாதங்கள் இருந்தபோது, கோவைக்கார நண்பர் ஒருவரும் நானும் சனிக்கிழமைகளில் இதற்காகக் கிளம்புவோம். அங்கே ஷாப்பிங் மால் பார்க்கிங்கில் விளக்குக் கம்பத்தின் அடிப்பாகத்தை மூடியிருக்கும் தகர உறையைத் தூக்கினால் உள்ளே டப்பா இருக்கும். சுலபமானது என்பதால் மிகவும் பிரபலம். நண்பர் முதல் நாளே சொல்லிவிட்டார், ‘இந்த மாதிரி இடம் நமக்கு வேண்டாம். முதுகில் பை மாட்டிக்கொண்டு, இரண்டு வெளிநாட்டுக்காரர்கள் லைட் கம்பத்துக்கு அடியில் கையை விட்டால், பார்க்கிறவன் என்ன நினைப்பான்?’ அமெரிக்காவில் இருக்கும் நம் ஊர்ப் பையன்களுக்கும் பெண்களுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், பார்வை ஒன்றாக இருப்பதில்லை. ஒரு நாள் பூங்காவில் போலீஸ்காரர் ஒருவர் எங்களை நிறுத்தி என்ன செய்கிறீர்கள் என்றார். கையை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு, ஜியோகேச்சிங் என்று சொல்லி, போன் திரையைக் காட்டினோம். சிரித்துவிட்டு, கிடைத்ததா என்று கேட்டுவிட்டுப் போனார். ஏதோ தொலைந்த சாவியைத் தேடுகிறோம் என்று கதை விட்டிருந்தால் அவர் போயிருக்க மாட்டார். பகலில், திறந்த இடத்தில், அடையாள அட்டையோடு தேடுங்கள். யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

அம்புக்குறிக்கு ஆழம் தெரியாது

ஜி.பி.எஸ். காட்டும் அம்புக்குறி நேர்கோட்டில் காட்டும். நடுவில் ஆறு இருக்கிறதா, செங்குத்துப் பாறை இருக்கிறதா என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. 40 மீட்டர் என்று திரை காட்டும். அந்த 40 மீட்டர் கீழே பள்ளத்தாக்கிலும் இருக்கலாம்.

2018 ஜூன் 9ந் தேதி செக் நாட்டின் பிராக் நகரில் நான்கு பேர் பூமிக்கு அடியில் ஓடும் நீண்ட வடிகால் சுரங்கத்துக்குள் ஒரு டப்பாவைத் தேடி இறங்கினார்கள். அவர்கள் உள்ளே இருந்தபோது மேலே திடீர் மழை. சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து நால்வரையும் அடித்துச் சென்றது. இருவர் வல்டாவா ஆற்றில் இருந்து மீட்கப்பட்டார்கள். மற்ற இருவர் இறந்துபோனார்கள். இருவருமே இருபதுகளில் இருந்தவர்கள். என் வயதுக்காரர்கள்.

ஒவ்வொரு டப்பாவுக்கும் கண்டுபிடிக்கும் சிரமம், பாதையின் சிரமம் என்று இரண்டு எண்கள் 1 முதல் 5 வரை கொடுத்திருப்பார்கள். புதியவர்கள் முதல் எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். இரண்டாவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. பாதையின் எண் 5 என்றால் கயிறு, படகு, நீச்சல் போன்ற தனிப் பயிற்சியோ கருவியோ வேண்டும் என்று அர்த்தம். அது வைத்தவர் கொடுத்த மதிப்பெண், அதுவும் அவர் போன நாளின் வானிலையில். மழைக்கால வடிகாலுக்கு எந்த எண்ணும் பொருந்தாது. வெப்சைட்டில் இருக்கிறது என்பதால் ஒரு இடம் பாதுகாப்பானது ஆகிவிடாது. இதைத்தான் புதியவர்கள் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கம்ப்யூட்டர் திரையில் வந்த எதையும் யாரோ சரி பார்த்திருப்பார்கள் என்ற நம்பிக்கை நமக்கு அதிகம்.

மற்றவை சுருக்கமாக. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் மேப் வராது. முன்பே டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். ஜி.பி.எஸ். ஓடும்போது பேட்டரி சீக்கிரம் தீரும், பவர் பேங்க் அவசியம். பொந்துக்குள் கையை விடும் முன் குச்சியை விடுங்கள். அமெரிக்கக் காடுகளில் உண்ணிக் கடியால் லைம் என்ற நோய் வரும். முழுக்கால் பேண்ட் அணிந்து, திரும்பியதும் உடம்பைச் சோதித்துப் பாருங்கள். வேட்டைப் பருவத்தில் ஆரஞ்சு நிற உடை போடுங்கள். சிறுவர்கள் தனியே போகக் கூடாது.

கம்ப்யூட்டர் பக்கமும் ஆபத்து உண்டு. வெப்சைட்டில் பதிவு செய்யும்போது உங்கள் முழுப் பெயரை யூசர் நேமாக வைக்காதீர்கள். வீட்டு இடத்தின் எண்களைக் கேட்கும் கட்டத்தில், வீட்டு வாசலுக்குப் பதில் பக்கத்தில் உள்ள தெருமுனை அல்லது தபால் நிலையத்தைக் கொடுத்தாலே போதும். செல்போனில் எடுக்கும் போட்டோவுக்குள் எடுத்த இடத்தின் எண்களும் மறைந்திருக்கும். வீட்டு மேஜையில் டப்பாவைத் தயார் செய்யும்போது எடுத்த போட்டோவை அப்படியே அனுப்பினால், வீட்டு முகவரியை அனுப்பியது போல்தான். கேமரா செட்டிங்கில் லொகேஷனை அணைத்து வையுங்கள். ‘மூன்று நாள் காட்டில்தான் இருப்போம்’ என்று குடும்பத்தோடு கிளம்பும் முன் எழுதாதீர்கள். திரும்பி வந்து எழுதலாம்.

நம் ஊரில்

இந்தியாவில் டப்பாக்கள் மிகக் குறைவு. எனவே இதைப் படித்தவுடன் ஒன்றை வைக்கத் துடிப்பவர்கள் இருப்பீர்கள். ரயில்வே ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்ட், கோயில், மார்க்கெட் பக்கம் வேண்டவே வேண்டாம். கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள் என்று ஸ்டேஷனில் நாள் முழுக்க அறிவிப்பு செய்துகொண்டிருக்கும் நாட்டில், கேட்பாரற்ற பொருளை நாமே கொண்டு வைப்பதா? தொல்லியல் துறை பாதுகாக்கும் மதில்களின் இடுக்கும் டப்பாவுக்கான இடம் இல்லை. காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதி இன்றி நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேற்றம் போன இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்திருக்க மாட்டோம்.

வெளிநாட்டிலிருந்து கருவி வாங்கி வருபவர்களுக்கு ஒரு விஷயம். வெறும் ஜி.பி.எஸ். ரிசீவர் பிரச்னை இல்லை. ஆனால் சாட்டிலைட் வழியாகப் பேசவோ மெசேஜ் அனுப்பவோ முடிகிற கருவிகளை இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது சட்ட விரோதம். இது தெரியாமல் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட சுற்றுலாப் பயணிகள் பலர். பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

பழகிப் பார்க்க, எந்த வெப்சைட்டிலும் பதிவு செய்யாமல், நீங்கள் குடியிருக்கும் அபார்ட்மென்ட் வளாகத்துக்குள்ளேயே ஆரம்பிக்கலாம். அசோசியேஷன் செயலாளரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு டிபன் பாக்ஸின் மேல் ‘இது விளையாட்டு, உள்ளே நோட்டு மட்டுமே’ என்று பெரிதாகத் தமிழில் எழுதி, கீழே உங்கள் பிளாட் நம்பரையும் போட்டு, தோட்டத்தில் எங்காவது வையுங்கள். எண்களைப் பிள்ளைகளிடம் எழுதிக் கொடுங்கள். 5 மீட்டர் பிழை என்றால் என்ன என்பது அரை மணி நேரத்தில் அவர்களுக்கே புரிந்துவிடும். வாட்ச்மேனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் முதலில் கண்டுபிடிக்கப் போவது அவராகத்தான் இருக்கும்.